கேட்காரர் விட்ட பத்தொன்பது கோல்

பாசமும் பயமும் சம அளவில் கலந்த அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் முழங்கால் வலி, பல் வலி நீங்கலாக மற்ற எல்லா விதத்திலும் சௌகரியமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இங்கே எங்கள் சௌகரியத்தைப் பற்றி எழுத நிறைய இடம் தேவைப்படாது, அப்படி ஒன்று இல்லை.

மூன்று வாரமாக எத்தனை தடவை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை என்று நீ கொதித்துக்கொண்டிருப்பாய். அக்கா, நான் எடுக்காமல் இல்லை. நீ கூப்பிட்டதே எனக்குத் தெரியாது. உன்னை நான் பிளாக் செய்துவிட்டேன். பதறாதே, கடிதத்தைக் கிழித்துவிடாதே, முழுவதும் படி. நீ தினமும் அனுப்புகிற காலை வணக்கப் படத்தில், ரோஜாப்பூவுக்குக் கீழே நீல எழுத்தில் ஒரு லிங்க் இருந்தது. லிங்க் அனுப்புகிறவர் கூடப்பிறந்தவராகவே இருந்தாலும் தடுத்து நிறுத்த வேண்டும் என்ற வெறியில் அப்போது நான் இருந்தேன். நிறுத்திவிட்டேன். இப்போது திறந்துவிடத் தெரியவில்லை. தொழிற்சாலையில் யாரிடமாவது கேட்கலாம் என்றால், சொந்த அக்காவையே பிளாக் செய்தவன் என்று மதியச் சாப்பாட்டுக்குள் நானூறு பேருக்கும் தெரிந்துவிடும். வீட்டில் அந்த வித்தை தெரிந்த ஒரே ஆள் உன் மருமகள் குருவிதான். அவள் என்னோடு ஒழுங்காகப் பேசி இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. அதனால்தான் இந்தக் காகிதமும் பேனாவும்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் நீ என்னைச் சரியாகத் திட்ட முடியும். குருவி பழைய சின்னப் பள்ளியை விட்டு இந்தப் பெரிய பள்ளிக்கு மாறியது உனக்குத் தெரியும். மாறிய மூன்றாவது வாரத்திலிருந்து காலை ஏழு மணிக்கு அவளுக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. எட்டரைக்குப் பள்ளி மணி அடித்ததும் வலி நின்றுவிடும். சனி ஞாயிறுகளில் வலியே கிடையாது. டாக்டர் வயிற்றை எல்லாப் பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்லைங்க, வலி வேற எங்கேயோ இருக்கு, பொறுமையா கேட்டுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட், ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவாள். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புகிற பொறுப்பு என் தலையில். கெஞ்சினேன், மிரட்டினேன், நானும் படுத்துக்கொண்டு எனக்கும் வயிறு வலிக்கிறது என்று நடித்துக்கூடப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாகத் தொழிற்சாலை கேட்டில் நின்று நானூறு பேரை எட்டு மணிக்குள் உள்ளே விடுகிறவன் நான். ஒரு திருகாணி கூட என் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. ஆனால் ஒரு பதிமூன்று வயசுப் பெண்ணை வீட்டு வாசலைத் தாண்டி அனுப்ப எனக்குத் துப்பில்லை. இரண்டு மாதத்தில் அவளுடைய வருகை நூற்றுக்கு அறுபத்தொன்று என்று இறங்கிவிட்டது.

பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் என்னை உட்காரவைத்து, எதிரே மூன்று பேர் உட்கார்ந்தார்கள். வகுப்பு ஆசிரியர், வருகைப் பதிவைக் கவனிக்கிற அம்மா, மூக்குக்கண்ணாடி போட்ட விளையாட்டு டீச்சர். யாரும் திட்டவில்லை, அக்கா. "இது நீங்க மட்டும் தூக்குற சுமை இல்ல சார், நாங்க ஒரு பக்கம் பிடிக்கறோம், நீங்க ஒரு பக்கம் பிடிங்க" என்று வருகை அம்மா சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து விளையாட்டு டீச்சர், "உங்க பொண்ணுக்குக் கை நீளம் சார்" என்றார். எனக்கு வந்ததே கோபம். நாற்காலியோடு எழுந்துவிட்டேன், அது என் இடுப்பை விட்டுக் கழலவில்லை. கேட்காரன் பெண்ணைப் பார்த்து இந்த வார்த்தையா என்று குதித்த பிறகுதான் விளங்கியது, மேசையிலிருந்து விழுந்த சாக்பீஸ் டப்பாவைக் குருவி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒற்றைக் கையால் பிடித்தாளாம். அந்தக் கையை ஹேண்ட்பால் கோலில் நிற்கவைத்துப் பார்க்க டீச்சருக்கு ஆசை.

அதற்கப்புறம் நாலரை மாதம் நான் வாழ்ந்த வாழ்க்கையை என்னவென்று சொல்ல. காலை ஏழு மணிக்குப் பயிற்சி. ஆறு மணிக்கு அவளே எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு, தூங்குகிற என்னை உலுக்கி, "அப்பா, கதவைப் பூட்டிக்கங்க, நான் கிளம்பறேன்" என்பாள். வயிறு என்று ஒன்று அவளுக்கு இருப்பதே மறந்துபோயிற்று. எட்டு நாற்பதுக்குப் பள்ளியிலிருந்து என் போனுக்குச் செய்தி வரும், உங்கள் பிள்ளை வகுப்பில் இருக்கிறார் என்று. அந்த ஒரு வரியை நான் கேட்டில் நின்றபடி இரண்டு மூன்று தடவை படிப்பேன். அப்பன் கேட்டில் நிற்கிறான், மகள் கோலில் நிற்கிறாள், ரெண்டு பேரையும் தாண்டி ஒன்றும் போகாது என்று லாரி டிரைவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். வருகை எண்பத்தாறுக்கு ஏறியது.

இப்படிச் சந்தோஷமாக இருந்தவனுக்குத்தான் சனிக்கிழமை ஒரு கூட்டம் வந்து வாய்த்தது. இணையத்தில் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பெற்றோருக்கு ஒரு வகுப்பு. கம்ப்யூட்டர் டீச்சர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், அவர்மேல் பழி போட மாட்டேன். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் கேட்டு நோட்டில் வரி விடாமல் எழுதினேன். மோசடிக்கு நான்கு அடையாளம்: தெரியாத எண், திடீர் வாழ்த்து, அவசரம், லிங்க். நான்கும் பொருந்தினால் தடு, புகார் செய், மற்றவர்களை எச்சரி. கடைசியில் வைத்த சின்னப் பரீட்சையில் நான்தான் முழு மதிப்பெண். வகுப்புப் பெற்றோர் அறுபத்திரண்டு பேர் இருக்கிற போன் குழுவுக்கு என்னைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று அறிவித்துக் கை தட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்காக யாரும் கை தட்டி நீ கேட்டிருக்க மாட்டாய். தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன்னை பிளாக் செய்தேன். அத்தானையும்தான், ஒரு நல்ல எண்ணத்தில். என் வீட்டுக்காரி அன்றைக்கே சொன்னாள், "கேட்டுல நிக்கறது உங்க வேலை, சரி. அதைக் கொண்டுவந்து போன்லயும் நிறுத்தாதீங்க." கேட்டேனா?

ஒன்பது நாள் கழித்து, பகல் ஒரு மணிக்கு, ஒரு புது எண்ணிலிருந்து எனக்குச் செய்தி வந்தது. அன்புள்ள பெற்றோரே, வாழ்த்துகள், உங்கள் மகள் பள்ளிகளுக்கிடையிலான ஹேண்ட்பால் போட்டிக்குத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறாள், இன்று மாலை ஐந்து மணிக்குள் கீழே உள்ள லிங்க்கில் உங்கள் ஒப்புதலைத் தரவும். நோட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். தெரியாத எண், இருக்கிறது. வாழ்த்து, இருக்கிறது. அவசரம், இருக்கிறது. லிங்க், நீல நிறத்தில் பளபளவென்று இருக்கிறது. நான்குக்கு நான்கு! மகள் விளையாடுவதுகூடத் தெரிந்து வைத்திருக்கிறான் பார், எவ்வளவு பெரிய கில்லாடி என்று நினைத்துக்கொண்டேன். தடுத்தேன். புகார் செய்தேன். குழுவில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டு, எல்லோரும் இதே எண்ணைப் புகார் செய்யுங்கள் என்று கட்டளை பிறப்பித்தேன். முழு மதிப்பெண் வாங்கியவர் சொல்கிறார் என்று அறுபத்திரண்டு பேரும் ஒற்றுமையாகச் செய்தார்கள். ஒரு நல்ல காரியத்துக்கு அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு மணிக்கு அந்த எண்ணின் கணக்கையே மூடிவிட்டார்கள்.

அது பள்ளிக்கூடத்தின் எண், அக்கா. பழைய எண்ணை மாற்றிப் புதிது வாங்கியிருக்கிறார்கள். வருகைச் செய்தி, தேர்வு அட்டவணை, மழைக்கு விடுமுறை, எல்லாம் போகிற ஒரே வழியை நான் ஒரு மணி நேரத்தில் அடைத்துவிட்டேன். குருவியாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பாய். தேர்வான செய்தியே அவளுக்கு மதியம்தான் தெரியும். பிள்ளைகளின் போன்களைப் பள்ளி முடியும்வரை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், அதுவும் பாதுகாப்புக்குத்தான். அப்பா பார்த்துக்கொள்வார் என்று அவள் நம்பிவிட்டாள். என் வீட்டுக்காரியின் எண்ணையாவது பள்ளியில் கொடுத்திருக்கலாம். பொறுப்பு என்னுடையது, என் எண் ஒன்று போதும் என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதிக்கொடுத்தவனும் நானே.

லிங்க் செத்துப்போனதும் அந்த விளையாட்டு டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? பதினொரு காகிதப் படிவம் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். வீடு வீடாக, கடை கடையாக அலைந்து மூன்று மணி நேரத்துக்குள் பத்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். பதினொன்றாவது ஆளைத் தேடி நாலு இருபதுக்கு எங்கள் கேட்டுக்கு வந்தார். குட்டி நாற்காலியில் நான் உட்கார்ந்த அன்றைக்குப் பார்த்த மூக்குக்கண்ணாடியைக் காணோம். தலையில் தொப்பி, கழுத்தில் விசில், முகமெல்லாம் வேர்வை. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"சார், நான் குருவியோட பி.டி. டீச்சர். இந்தப் பேப்பர்ல ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்."

"அடையாள அட்டை?"

"ஸ்கூல்லயே விட்டுட்டு வந்துட்டேன் சார். அவசரம்."

"அவசரப்படுத்தினா எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடக்கூடாதும்மா. பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அதைச் சொல்லிக் குடுத்ததே எங்க கம்ப்யூட்டர் டீச்சர்தான் சார்!"

"பாத்தீங்களா, அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கீங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நியாயஸ்தன் இல்லையா, சரிபார்க்காமல் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். என்னிடம் இருந்த பள்ளியின் பழைய எண்ணுக்குப் போன் செய்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. போதாதா? அவரைப் பார்வையாளர் பெஞ்சில் உட்காரவைத்து, பதிவேட்டில் அவர் வந்த நேரத்தை எழுதி, வந்த நோக்கம் என்ற கட்டத்தில் என் கையாலேயே சந்தேகம் என்று எழுதினேன். அவர் குருவியின் பிறந்த நாளைச் சொன்னார், அவள் இடது கால் ஷூவில் நாடா மாற்றியிருப்பதைச் சொன்னார், பந்து வருவதற்கு முன் அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வதைச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போயிற்று, ஒரு அந்நிய ஆளுக்கு என் பெண்ணைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் என்று. அவள் உதட்டைக் கடிப்பது எனக்கே தெரியாது, அக்கா. ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. டீச்சர் எழுந்து அந்தக் காகிதத்தை நான்காக மடித்தார்.

"மணி ஆயிடுச்சு சார். இனிமே நான் யாருன்னு நீங்க நம்பினாலும் பிரயோஜனம் இல்ல" என்றார். பதிவேட்டில் போகும் நேரத்தையும் எழுதிவிட்டுப் போனார். அந்த நிலையிலும் எழுதாமல் போகவில்லை.

வீட்டுக்கு எப்படிப் போனேன் என்கிறாய், வெற்றி வீரனாகப் போனேன். "இன்னிக்கி ஒரு பெரிய மோசடிக் கும்பலையே மடக்கிட்டேன். கேட்டு வரைக்கும் ஆளே அனுப்பிட்டாங்க" என்று வீட்டுக்காரியிடம் அளந்துகொண்டிருந்தபோது குருவி பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"விசில் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா, அதுகூட ஒரு வேஷம்தான்" என்றேன்.

அவள் பையை இறக்கி வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதினால் காகிதம் பொசுங்கிவிடும்.

மறுநாள் நான் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தேன். அதற்கு மறுநாள் போட்டி. குருவி வயிற்று வலி என்று படுத்துவிட்டாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், கோலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தண்டனை என்று ஒன்று வேண்டாமா? குருவிக்குப் பதில் ஒரு குட்டை முடிக்காரப் பெண்ணைக் கோலில் நிறுத்தியிருந்தார்கள். அவள் பந்தை எறிகிற ஆள், பிடிக்கிற ஆள் இல்லை. பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். பத்தொன்பது கோல், அக்கா. நாங்கள் போட்டது நாலு. ஒவ்வொன்றும் உள்ளே விழும்போது சுற்றியிருந்த பெற்றோர் கோலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அறுபத்திரண்டு பேரும் சேர்ந்து புகார் செய்ததை அறுபத்தொரு பேர் மறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து குருவி பள்ளிக்குப் போகவில்லை. காலை ஏழு மணி வலி திரும்பி வந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன், "சரிப்பா" என்றாள். அழுது பார்த்தேன், "சரிப்பா" என்றாள். அந்தச் "சரிப்பா"வைவிட அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நடைக்கூடத்தில் இரண்டு நாற்காலியை வைத்துக் கோல் கட்டி, காலுறைகளைப் பந்தாகச் சுருட்டி, வா, எறிகிறேன், பிடி என்று கூப்பிட்டேன். அவள் வரவில்லை. நானே எறிந்து நானே ஓடிப் பிடிக்கப் போய் அலமாரியில் முட்டிக்கொண்டேன். கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே வந்து, "வீட்ல என்னங்க, யாரையாவது அடிக்கறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் டீச்சர் தந்த, பிள்ளைகளிடம் தினமும் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள் நோட்டில் இருந்தன. அவளுடைய அறைக் கதவுக்கு வெளியே நின்று தினமும் பத்தையும் படித்தேன். தெரியாதவர் யாராவது பேசினார்களா, யாராவது படம் கேட்டார்களா, யாராவது மிரட்டினார்களா. பத்துக்கும் உள்ளேயிருந்து "இல்ல" என்று ஒரே பதில் வந்தது. நானும் பத்துக்கும் டிக் போட்டுவிட்டுப் போவேன்.

பள்ளிக்கே நேரில் போய் டீச்சரின் காலில் விழுந்துவிடுவது என்று கிளம்பினேன். கேட்டில் ஒரு காவலர் நின்றார். பாஸ் இல்லாமல் விட மாட்டேன் என்றார். நோக்கம் என்னவென்று கேட்டார். மன்னிப்பு என்றேன். அப்படி ஒரு கட்டம் இல்லையே என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, இதர என்று எழுதிக்கொண்டார். அரை மணி நேரம் வெயிலில் நின்றேன். நல்ல காவலர், அக்கா, குறையே சொல்ல முடியாது. டீச்சர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் ஒன்றும் மாறவில்லை. "எனக்குக் கோபம் இல்ல சார். அடுத்த மாசம் இன்னொரு போட்டி இருக்கு. ஆனா அது பெருசு இல்ல, அவ வகுப்புக்கு வரணும். அதைப் பாருங்க" என்றார். வருகை அம்மா பதிவேட்டைக் காட்டினார். எண்பத்தாறில் இருந்தது எண்பது புள்ளி ஆறுக்கு வந்துவிட்டது. எண்பதுக்குக் கீழே போனால் இந்த வருஷத் தேர்வு எழுத விட மாட்டார்கள், இதே வகுப்பை இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் அவள் வீட்டில் இருந்தால் அது நடந்துவிடும். இவ்வளவும் நடந்த பிறகும் அந்த அம்மா, "நாங்க விடல சார், நாங்க எங்க பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். என் பக்கத்தை நான் எப்போதோ கீழே போட்டுவிட்டேன் என்பதை எப்படிச் சொல்வது?

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நீ குருவியை உன்னிடம் அழைத்துக்கொள். உங்கள் தெருமுனைப் பள்ளியில் பெரிய மைதானம் இருக்கிறது, பெண்கள் விளையாடுகிறார்கள் என்று நீ ஒரு தடவை சொன்னாய். அங்கே இடம் கேட்டுப் பார். அவளுக்கு இப்போது தேவை என் முகம் இல்லாத ஒரு வீடு. இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள், வடிகட்டிக் கொடு. அவள் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு, என்னைப் போலக் கேள்வி கேட்டுக் கொல்லாதே. அவளைத் தேடி யாராவது வந்தால் உள்ளே விடு. வீட்டுக்காரியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உன் பதில் வந்ததும் சொல்வேன், அதற்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல், அவரையும் பிளாக் செய்ததை அவர் கவனிக்காமலிருந்தால் நீயாகச் சொல்லாதே. பக்கத்து வீட்டு அம்மாவையும் அவர்கள் பூனையையும் விசாரித்ததாகச் சொல். என் தலையில் கை வைத்து ஆசி சொல்ல நீ அருகில் இல்லை, அதே கையால் ஒரு குட்டு வைத்திருப்பாய் என்பதால் தூரமும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

இப்படிக்கு,
வீட்டுக்குள் விட வேண்டியவர்களை வெளியே நிறுத்திய,
உன் தம்பி

பின்குறிப்பு: அக்கா, அந்தப் பள்ளியில் போய் இடம் கேட்காதே. கேட்டுவிட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. மேலே எழுதியது எதுவும் சரியில்லை.

இன்று காலை ஆறே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம். "யாரு?" என்றேன், பழக்கம் போகுமா. "பத்தொன்பது கோல் விட்டவ, அங்கிள்" என்று பதில் வந்தது. அந்தக் குட்டை முடிக்காரப் பெண், சீருடையில், மூச்சு வாங்க நிற்கிறாள். "உங்க பொண்ணு டீம்ல எல்லாரையும் பிளாக் பண்ணிட்டா. பதினொரு நாளா ஒரு மெசேஜும் போகல. அதான் நேர்ல வந்தேன்" என்றாள்.

"அவளுக்குக் கோபம் என்மேலம்மா" என்றேன்.

"உங்க மேலயா? உங்க மேல எதுக்கு?" என்று என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குருவியின் மூடிய கதவுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து கதவிடம் பேசினாள். "ஏய், அவ்வளவு கூட்டத்துக்கு முன்னாடி பத்தொன்பது கோல் விட்டது நான். மறுநாளே ஸ்கூலுக்குப் போனேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சேந்து சிரிச்சேன். ஒரு கோல்கூட விடாத நீ எதுக்குடி ஒளிஞ்சுக்கிட்டிருக்க?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் உள்ளேயிருந்து குருவியின் குரல். "என்னாலதான் தோத்தோம்னு நீங்க எல்லாரும் சொல்வீங்க."

"சொன்னோம். ரெண்டு நாள் சொன்னோம். அப்புறம் கணக்குப் பரீட்சை வந்துடுச்சு, மறந்துட்டோம்."

கதவு திறந்தது. என்மேல் கோபமே இல்லையாம், அக்கா. இத்தனை நாளும் அவள் பயந்தது டீமில் இருக்கிற அந்தப் பத்துப் பேருக்கு. நான் பட்ட வேதனை முழுக்க வேறு யாருக்கோ சேர வேண்டியது.

சீருடை போட்டுக்கொண்டு வந்து ஷூவுக்கு நாடா கட்டும்போது மேசையில் கிடந்த இந்தக் கடிதம் அவள் கண்ணில் பட்டது. பிடுங்கியிருக்கலாம், கை வரவில்லை. நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா?"

"நீ நல்லா இருக்கணும்னுதான்..."

"என்கிட்ட கேட்டீங்களா?"

பதினொரு நாள், நாளைக்குப் பத்து, நூற்றுப் பத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அதில் இது இல்லை. "ஏன் ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கற" என்று ஒரு கேள்வியும் இல்லை. "இல்லம்மா, கேக்கல" என்றேன்.

"இனிமே கேளுங்க" என்றாள். "இதை அனுப்புங்க. அத்தை சிரிக்கட்டும்." இரண்டு பேரும் மாடிப்படியில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டார்கள். உன்னைத் திறந்துவிடச் சொல்ல அவசரத்தில் மறந்துவிட்டேன், சாயங்காலம் சொல்கிறேன்.

இதைக் கேட்டில் நின்றபடி பதிவேட்டின் மேல் வைத்து எழுதுகிறேன். மணி எட்டு நாற்பது. பள்ளியின் கணக்கை இன்னும் திறந்துவிடவில்லை, அதனால் செய்தி எதுவும் வராது. வருகை அம்மாவின் நேரடி எண் என் சட்டைப் பையில் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா என்று இரண்டு தடவை கை போனது. கூப்பிடவில்லை. போயிருப்பாள், அக்கா.